பங்காளி வாடகை

வீட்டுக்காரம்மாள் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டதும் அறிவுச்செல்வி அடுப்பைக் குறைத்தாள். கமலவேணி வெறுங்கையோடு வரவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் இரண்டு பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றையும் கட்டில்மேல் வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"இளம்பிள்ளைத் தறிக்கே போயி எடுத்தாந்தேன் கண்ணு. அரக்குக் கலரு உனக்கு. நீதான் என்ர பையனுக்குப் பொறந்தவளா நின்னு இணைச்சீர் செய்யோணும். பத்திரிகையில பேரும் போட்டாச்சு."

அறிவுச்செல்வி புடவையைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டுடுத்தி அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர் அது. அது நடக்காமல் அவர்கள் வீட்டில் தாலி ஏறாது. கமலவேணிக்கு நந்தகுமார் ஒரே பிள்ளை. பெண் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் வந்து செய்யலாம். ஆனால் பங்காளிகளோடு பத்து வருடமாகக் கோர்ட்டில் வழக்கு. பொறந்தவளுக்கு எங்கே போவது என்று தவித்தவளின் கண்ணில் மாடியில் குடியிருந்தவள் பட்டுவிட்டாள்.

எல்லாம் எட்டு மாதத்துக்கு முன்பு சொன்ன ஒரே ஒரு பொய்யால் வந்த வினை.

அறிவுச்செல்வி சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். புருஷன் குணசீலன் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன். இரண்டு சம்பளத்தையும் சேர்த்து வைத்தாலும் சேலத்து வாடகை பாதியை விழுங்கிவிடும். ஊருக்கு வெளியே போனால் குறையும்தான். விடிகாலை டியூட்டிக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. ஆறு வாரம் கைக்குழந்தையோடு தெருத்தெருவாக அலைந்தார்கள். வாடகை கட்டுப்படியான இடத்தில் எந்த ஊர் என்றார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்றார்கள். தெருவைச் சொன்னதும் அந்த வீட்டை நேற்றே யாருக்கோ பேசி முடித்திருந்தார்கள். சேலத்தில் இத்தனை வீடுகளும் நேற்று ஒரே நாளில் முடிந்து போயின என்றால் ஆச்சரியம்தானே.

கமலவேணி மட்டும் சுற்றி வளைக்கவில்லை. நம்ம ஆளுகளாக இருந்தால் ஏழாயிரம், வெளியாளுக்குப் பன்னிரண்டு என்று பளிச்சென்று சொல்லிவிட்டு, பிறந்த வீடு என்ன கூட்டம், எந்தக் குலம் என்று கேட்டாள். இடுப்பில் குழந்தை காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தது. புதுச்சத்திரத்துப் பக்கம் தன் அம்மா ராமாயி யாருடைய காட்டில் களை எடுக்கிறாளோ, அந்தக் காட்டுக்காரர்களின் கூட்டப் பெயர் அறிவுச்செல்வியின் வாயில் வந்துவிட்டது. போயும் போயும் அது கமலவேணியின் புருஷன் கூட்டமாகவே இருந்து தொலைத்தது. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. பங்காளி வீட்டுப் பிள்ளை என்று அவள் கன்னத்தைத் தடவிய கமலவேணி, அன்றைக்கே தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிவிட்டாள். ஆதாரில் ஈரோட்டுப் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்ததால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

கமலவேணி நல்ல மனுஷிதான். அதுதான் பெரிய சங்கடம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறூட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மாடியில் கறிக்குழம்பு மணம் வந்தால் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

இந்த ஏழாயிரத்துக்கு மேல் ராமாயியும் ஒரு வாடகை கட்டிக்கொண்டிருந்தாள். புதுச்சத்திரத்துப் பக்கத்து ஆட்கள் வந்துபோகிற வீடு, யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று மகள் அவளை இந்த வாசலை மிதிக்கவே விடவில்லை. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்வாள். டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம். ராமாயி ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அறிவுச்செல்வி பல தடவை அழுதிருக்கிறாள்.

இப்போது கமலவேணி அவள் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டாவது புடவையை எடுத்து நீட்டினாள்.

"இந்தப் பச்சை உங்கம்மாளுக்கு. பொறந்தவளப் பெத்தவ மணவறைக்கு முன்னால உக்காரோணுமல்ல? ஒருக்காக்கூட அவங்களக் கண்ணுல காட்டலியே நீ."

குணசீலன் பக்கத்தில் இருந்திருந்தால் கண்ணைக் காட்டி அடக்கியிருப்பான். அவன் கடையில் இருந்தான். அறிவுச்செல்வி அந்தப் பச்சைப் பட்டையே பார்த்தாள். அம்மா கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"நாங்க உங்க சனம் இல்லீங்க. நான் சொன்ன கூட்டத்தோட காட்டுல எங்கம்மா களை எடுக்கறவங்க. ஊருக்கு வெளிய காலனிங்க எங்க ஊடு. ஊடு கெடைக்கலைன்னு பொய் சொல்லிட்டனுங்க. அது தப்புத்தானுங்க."

குக்கர் இரண்டு விசில் அடித்தது. கமலவேணி டம்ளரைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி வேறு.

"இத யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

இல்லை என்று அறிவுச்செல்வி தலையாட்டினாள்.

கமலவேணியின் முகத்தில் கணக்கு ஓடியது. ஐந்நூறு பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. எட்டு மாதம் கிண்ணம் கிண்ணமாக வாங்கித் தின்றது வெளியே தெரிந்தால் பங்காளிகள் ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பார்கள். சாதி கெட்டதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கெட்டது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். பச்சைப் புடவையை மெதுவாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இங்க பாரும்மா. பேரு போட்டாச்சு. வாயத் தொறக்காம வந்து நின்னு சீர முடிச்சுக் குடுத்துரு. கல்யாணம் முடிஞ்சதும் ஊட்டக் காலி பண்ணிக்க. உங்கம்மாள மட்டும் கூட்டியாந்தராத."

அதுவரை பயந்துகொண்டிருந்த அறிவுச்செல்விக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அரக்குப் புடவையை எடுத்து, பச்சைப் புடவையின் மேல் கமலவேணியின் மடியிலேயே வைத்தாள்.

"எங்கம்மா வரக்கூடாத எடத்துல நான் பொறந்தவளா நிக்க மாட்டனுங்க."

அப்படியானால் வருகிற மாதத்திலிருந்து வெளியாள் வாடகை என்றாள் கமலவேணி.

"பதினோரு மாசத்துக்கு ஏழாயிரம்னு நீங்கதான் அக்ரிமெண்டுல கையெழுத்துப் போட்டீங்க. அதுல கூட்டம் எழுதலீங்க. இன்னும் மூணு மாசம் இருக்குது. அதுவரைக்கும் இருப்பமுங்க."

கமலவேணி புடவைகளைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவள் போன் பேசுவது கேட்டது. பொறந்தவளுக்கு அம்மை போட்டுவிட்டதாம். கிட்டே யாரும் போகக் கூடாதாம்.

மூன்று மாதம் கழித்து எங்கே போவது என்று அறிவுச்செல்விக்குத் தெரியவில்லை. மறுபடியும் ஆறு வாரமோ அறுபது வாரமோ. குணசீலன் வந்தால் கத்துவான், பிறகு தலையில் கைவைத்து உட்காருவான். இருந்தும் அம்மாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நேராக வீட்டுக்கு வரச் சொன்னாள்.

ராமாயி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாராச்சும் யாரு எவருன்னு கேட்டா என்ன சாமி சொல்றது?"

"கேட்டாச் சொல்லும்மா. ஊரு, தெரு, உம் பேரு, எல்லாத்தையும் சொல்லு. சொல்லிட்டு மேல ஏறி வா."

கதவு திறந்துதான் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.