மூன்றாவது வாட்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிவப்பு லேசர் சில்லின் (சிப்) சூட்டை, அதை வடிவமைத்தவர்தான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். முன்பு சூட்டை உறிஞ்சச் சில்லுக்கு அடியில் செம்புக் கட்டி வைத்தோம். எல்லாம் ஓர் அரிசி அளவுக்குள் அடங்க வேண்டும் என்றார்கள் வாங்குகிறவர்கள். ஆய்வுக்கூடத்தில் செம்பை எடுத்துவிட்டு, சூட்டை நான் சுமப்பதாக என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

பதினொரு வருடமாக என் உடம்பு நாற்பத்தொன்பது டிகிரியில் இருந்தது. மார்கழியில் என் மனைவி வசுமதி இட்லி மாவை என் பக்கத்தில் வைப்பாள். சித்திரையில், "ஏங்க, இந்தப் பக்கம் வராதீங்க, மாவு புளிச்சுடும்" என்பாள்.

போன மாதம் மகள் தாரிணி மூன்று மாதக் குழந்தையோடு பத்து நாள் தங்க வந்தாள். பேத்தியை வாங்கக் கையை நீட்டினேன்.

"முப்பத்தேழுக்கு இறங்குங்கப்பா, தர்றேன்."

"உங்கப்பாவா? அதுக்குள்ள இவ காலேஜ் போயிடுவா" என்றாள் வசுமதி.

மறுநாள் இயக்குநர் இருதயராஜிடம் விடுப்பு கேட்டேன்.

"சூட்டுக்கு ஏதுய்யா லீவு? சூடு வராத மாதிரி டிசைன் பண்ணும். யாரு வேண்டாம்னா?"

அவர் சொன்னது சரிதான். சில்லுக்குள் எலெக்ட்ரான்கள் ஒளியாகாமல், அவற்றை அடைத்துவைக்கும் ஆற்றல் சுவரேறிக் குதித்து ஓடுவதால்தான் சூடு. கொஞ்சம் அலுமினியம் கூட்டிச் சுவரை உயர்த்தினேன். தாரிணி வந்த ஒன்பதாம் நாள், அதே மின்சாரத்தில் இரண்டு வாட்டுக்குப் பதில் மூன்று வாட் ஒளி வந்தது. என் உடம்பு குளிர்ந்தது. இதை ஏன் பதினொரு வருடம் செய்யவில்லை என்று யோசித்தேன். சூடு பழகியிருந்தது, வேறு காரணம் கிடைக்கவில்லை.

இருதயராஜ் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "ரெண்டு வாட்தான் கேட்டிருக்காங்க. மீதி ஒண்ணு உம்மோடது. எடுத்துட்டுப் போயிரும்."

எடுத்துப் போனேன். தலைமுதல் கால்வரை சிவப்பாக ஒளிர்ந்தபடி பேருந்தில் நின்றேன். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார்.

தாரிணி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். முப்பத்தேழு. லேசர் ஒளி கண்ணுக்கு ஆகாது என்பதால் பாதுகாப்புக் கண்ணாடிகள் கொண்டுவந்திருந்தேன். சிவப்பை அவை முழுக்கத் தடுத்துவிடும்; நானோ முழுக்கச் சிவப்பு. வசுமதியும் தாரிணியும் போட்டுக்கொண்டார்கள்; குழந்தைக்கு ரிப்பன் வைத்துக் கட்டினோம்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா."

குரல் வந்த பக்கமாகக் குழந்தையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அது என் மார்பை ஊடுருவிப் பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்தது.

"கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்றாள் வசுமதி, ஜன்னலைப் பார்த்து.

பேத்தி அந்தரத்தில் கிடந்தபடி கொட்டாவி விட்டாள். தாரிணி அதைப் படமெடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள்.