நாற்காலிக் குடங்கள்

விடியுமுன் பள்ளத்தில் இறங்கிவிட வேண்டும். பிழைக்க வந்த தமிழர்களின் குடிசைப் பகுதியான எங்கள் பஸ்தியில் தண்ணீருக்கு மேலேறும் வேகம் கிடையாது. அதனால் மண்ணைத் தோண்டி, இடுப்பளவு பள்ளத்தில் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம். ஒருவர் உள்ளே குந்தி நிரப்புவார். இன்னொருவர் மேலிருந்து தூக்குவார். சேறு கணுக்காலைக் கவ்வும். நிறைகுடத்தைத் தலைக்கு மேல் ஏந்தும்போது தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இது. அது முடிந்துதான் உப்பல் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட்.

வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் நின்றால் போதும். குடம் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகலாம், பிள்ளையை எழுப்பப் போகலாம். அடுத்தவர் குடத்தை ஒதுக்கி வைத்தவர் பிறகு எங்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

நான் இரண்டு குடம் வைப்பேன். பச்சைக் குடம் என் மனைவி பானுவுடையது. நகப்பூச்சால் பெயர் எழுதியிருந்தாள். போன கோடையில் குழாய் பழுதாகி, நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் போய்த் தண்ணீர் பிடித்தோம். பானு தனியே போன அன்று நான் ஷிஃப்டில் இருந்தேன். லாரி நிற்கவில்லை. குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு ஆளுக்கு இரண்டு குடம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

தாயம்மாள் அக்கா வார்டு அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குபவர். ஒப்பந்த வேலை. ஒரு நாள் காலை பள்ளத்தின் விளிம்பில் நின்றே சொன்னார்.

"குழாயை எடுக்கிறானுங்க. இந்த இடத்துல பார்க் வருதாம். நமக்கு ரோட்டுக்கு அந்தாண்ட புதுக் குழாயாம்."

நான் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தேன்.

"எப்ப முடிவு பண்ணாங்க?" என்றார் டேனியல். என் யூனிட்டில் அடுத்த மெஷினில் நிற்பவர்.

"போன மாசம் ஊர்மக்கள் கருத்துக் கேட்டாங்களே."

"எந்த ஊர்ல?"

"நோட்டீஸைக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டுக் கதவைப் பூட்டினாங்க. அபார்ட்மெண்ட் ஆளுங்க மட்டும் வந்தாங்க. பஸ்தி ஜனங்க யாரும் மறுப்பு சொல்லல, அதனால எல்லாருக்கும் சம்மதம்னு நம்ம வார்டு கார்ப்பரேட்டர் முடிச்சாரு. நான்தான் டீ கிளாஸ் கழுவினேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடைசிக் கூட்டம்."

செவ்வாய் பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் நாய்கள்தான் இருக்கும்.

அன்றே முதலாளி சாம்பசிவத்திடம் கேட்டேன்.

"அரை நாள் லீவு வேணும் சார். எங்க குழாயை எடுக்கிறாங்க."

"பி.காம். படிச்சுட்டுக் குழாயடிச் சண்டைக்குப் போறியா? கார்ப்பரேட்டர்கிட்டச் சொல்லு."

"எடுக்கிறதே அவர்தான்."

"அப்ப போ. உன் மெஷின்ல வேற ஆள் நிப்பான். நீ திரும்பி வந்தாலும் அவனே நிப்பான்."

டேனியல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இரண்டு குழந்தைகள்.

சாயங்காலம் எல்லோரும் பள்ளத்தருகே கூடினோம். கத்தினோம். லீவு கிடைத்தவர் ஒருவரும் இல்லை.

"ஆள் வர முடியலன்னா நாம என்ன பண்ணுவோம்?" என்றார் தாயம்மாள்.

யாருக்கும் புரியவில்லை.

"இங்க என்ன பண்ணுவோம்? குடம் வைப்போமில்ல?"

செவ்வாய் காலை அவரது தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கினோம்.

"குப்பை வண்டியிலயா அக்கா?" என்றார் ஷிஃப்டுக்குக் கிளம்பிய டேனியல்.

"வண்டியக் கழுவியாச்சு. இனி உன் வாயைத்தான் கழுவணும்."

கூட்ட அறையைப் பெருக்குவது அவர் வேலை. சாவி அவரிடம் இருந்தது. பெருக்கி முடித்து, நாற்காலிக்கு ஒரு குடமாக வைத்தோம். பச்சைக் குடத்தை நான் முன்வரிசையில் வைத்தேன். டேனியலைப் போல இன்று நானும் தலையைக் குனிந்துகொண்டு மெஷினில் நின்றிருக்கலாம். ஆனால் எனக்குச் சோறு போட யாரும் இல்லை, நான் சோறு போடவும் யாரும் இல்லை.

கார்ப்பரேட்டர் உமேஷ் உள்ளே வந்து நின்றார். ஓட்டுக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றவர்.

"ஏமம்மா, இது ஹாலா, சந்தையா? எடு எல்லாத்தையும்."

"நக்கோ சார், எடுக்க முடியாது. ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க," என்றார் தாயம்மாள்.

பின்னால் வந்த அபார்ட்மெண்ட் செயலாளர் நந்தகுமார் சிரித்தார். "குடம் கை தூக்குமாம்மா? நாங்களும் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கோம்."

"உங்க லீவுக்குச் சம்பளம் வரும் சார். எங்க லீவுக்கு வேலை போகும்."

"கூட்டத்துக்கு வராதவங்களுக்கு இங்க பேச்சு கிடையாது," என்றார் உமேஷ்.

நான் முன்னால் நகர்ந்தேன். பானு போனபின் நாலு பேர் முன் நான் பேசியதில்லை.

"போன கூட்டத்துக்கும் நாங்க வரல சார். ஆனா சம்மதம் சொன்னதா முடிச்சீங்க. வராதவங்க சம்மதிக்க முடியும்னா, வராதவங்க மறுக்கவும் முடியும்."

உமேஷ் பச்சைக் குடத்தில் இருந்த பெயரைத் தட்டினார். "இந்தம்மா எங்க வேலை செய்றாங்க?"

"என் மனைவி. ரோட்டுக்கு அந்தாண்ட தண்ணி பிடிக்கப் போனா. திரும்பி வரல."

அவர் கையை எடுத்துக்கொண்டார். உட்கார இடமில்லாமல் வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"கூட்டம் ஒத்திவைப்பு," என்றார் உமேஷ். அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்லவில்லை. வாசலில் தாயம்மாளிடம் கையை நீட்டினார். "சாவியக் கொடு. நாளையிலிருந்து வராதே."

மாலை யூனிட்டுக்குப் போனேன். என் மெஷினில் வேறு ஆள் நின்றான்.

எதையும் ஜெயிக்கவில்லை. குழாய் இன்னும் பள்ளத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எந்தச் செவ்வாய்க்கிழமையும் அதைப் பிடுங்கலாம்.

அடுத்த தண்ணீர் நாள் இருட்டிலேயே போனேன். பள்ளத்தருகே ஒரு குடமும் இல்லை. பயந்துபோனேன். குழாயை எடுத்துவிட்டார்களா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்டது.

வார்டு அலுவலகத்தின் பூட்டிய கதவிலிருந்து குடங்களின் வரிசை தொடங்கியிருந்தது. பக்கத்தில் தாயம்மாளோடு பெருக்கும் தெலுங்குப் பெண்கள் துடைப்பங்களைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவை உள்ளே விடும்வரை பெருக்க மாட்டார்களாம். டேனியல் இன்று ஷிஃப்டுக்குப் போகப் போவதில்லையாம். யூனிட்டிலிருந்து இன்னும் சிலர் அவரோடு வந்திருந்தார்கள்.

"உன் மெஷினைக் கேக்கப் போறோம் பூபாலா. அதுக்கு முன்னாடி குழாயைக் கேப்போம்," என்றார் டேனியல்.

"தண்ணி யார் பிடிக்கிறது?"

"இன்னிக்கு யாரும் பிடிக்கல," என்றார் தாயம்மாள். "பானு குடம் எங்க? முதல் இடம் விட்டு வெச்சிருக்கோம்."

கதவை ஒட்டி வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் இன்று ஆள் நின்றிருந்தார்.

நான் பச்சைக் குடத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.