முழங்கை மேசை

ஒட்டுப்பலகை விலை ஏறிய அதே வாரத்தில்தான் தம்பியின் இடது முழங்கை அக்காவின் மேசையில் ஒட்டிக்கொண்டது. விலை மறுமாதமே இறங்கிவிட்டது. முழங்கைதான் வரவில்லை.

அக்காவுக்குக் காகித ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மரச்சில்லுகளை வேகவைத்து நாரைக் காகிதத்துக்கு எடுத்துக்கொண்டால் தார் மாதிரி கறுப்புச் சாறு மிஞ்சும். ஆலை அதைக் கொதிகலனில் எரித்துவந்தது. மரத்தில் நாரோடு நாரைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிற லிக்னின் என்ற சங்கதி அதில்தான் கிடக்கிறது. அக்கா அமிலம் விட்டு அதைப் பழுப்புத் தூளாகப் பிரித்தாள், கண்ணெரிக்கும் கடைப்பசைக்குப் பதிலாகப் பசை காய்ச்சினாள், துண்டுப் பலகைகளை ஒட்டி ஒரு மேசையும் செய்தாள். ஒட்டுப்பலகைக் கடை வைத்திருந்த தம்பி, "கழிவைக் காய்ச்சி என் தலையில கட்டப் பாக்குறியா?" என்றான். அவள் விடுவாளா? "மழையைப் பாத்தாலே பிரியுற உன் பலகைக்கு இது தேவலடா" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டு உடைத்தாள். அன்றே அவன் கடையை வேறு ஊருக்கு மாற்ற லாரி பேசினான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவளோடு மல்லுக்கட்ட இருந்தது அவன் ஒருத்தன்தான். போகாதே என்று சொல்ல அவளை ரோஷம் விடவில்லை. லாரி வாசலில் உறுமியது. அவன் மேசையில் முழங்கையால் இடித்து, "இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!" என்று எழுந்தான். மேசையும் கூடவே எழுந்தது.

வெந்நீர், மண்ணெண்ணெய், ஆய்வுக்கூடத்துப் புட்டிகள், எதற்கும் மசியவில்லை. தச்சரின் ரம்பமும் ஒட்டிக்கொண்டது. "மரத்தைப் பிடிக்கத்தான் செஞ்சேன், ஆளையும் பிடிக்கும்னு எனக்கென்னடா தெரியும்?" என்றாள் அக்கா. லாரி காலியாகப் போனது.

மேசைக்குச் சக்கரம் வைத்தார்கள். தினமும் காலையில் அக்கா அவனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவாள், சாயங்காலம் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவாள். வழி நெடுக வாய்ச்சண்டை. பேரம் பேச வந்தவர்கள் முழங்கையை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, பேரத்தை மறந்து பசை வாங்கிப் போனார்கள். இதைவிட விளம்பரம் எந்த முதலாளிக்கு வாய்க்கும்? ஆலை அவள் தூளுக்கென்று தனிக்கொட்டகை போட்டது. தம்பியின் கல்யாணப் படத்தில் மணப்பெண் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். பிள்ளைகள் மேசைக்கடியில் தவழ்ந்து, அதன்மேல் ஏறி, படித்து வேலைக்கும் போனார்கள்.

அக்காவுக்கு முழுக்க நரைத்த பிறகு, ஒரு மழைநாளில், ஈரத்துக்கு மேசை பழைய ஆலை வாசனையை விட்டுக்கொண்டிருந்தபோது, தம்பி காப்பிக்குக் கை நீட்டினான். முழங்கை தானே கழன்று வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தவன், ஓசைப்படாமல் அதைப் பழைய பள்ளத்திலேயே வைத்தான். அக்கா பார்த்தும் பார்க்காதவள்போல டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் பிடிக்குதாடா?"

"பிடிக்குதுக்கா."

மறுநாள் காலையிலும் அவள்தான் தள்ளிக்கொண்டு போனாள்.