வேகாத இரண்டாவது அண்டா

டப்பா பீன்ஸ் வரவில்லை என்று தெரிந்தபோது மணி ஏழரை. தையல் ஆலைச் சமையலறையின் சாமான் அறையில் கிடந்தது ஒரு மூட்டை காய்ந்த சிவப்பு பீன்ஸ்தான். முதல் பந்தி பன்னிரண்டுக்கு, இரண்டாவது ஒன்றுக்கு. மொத்தம் நூற்றிருபது வயிறு.

தலைமைச் சமையல்காரி மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். பதினோரு வருஷமாக டப்பாவைத் திறந்து கொட்டியே பழகிய கை.

"ராத்திரியே ஊறப்போட்டிருக்கணும் அண்ணி," என்றாள் கூட வேலை பார்க்கும் நாத்தனார்.

"அது தெரியாமலா நிக்கிறேன்? தண்ணியக் கொதிக்க வை. சுடுதண்ணில ஒரு மணி நேரம் ஊறட்டும்."

அந்த ஒரு மணி நேரமும் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். வெங்காயம் நறுக்கினாள், தக்காளி அரிந்தாள், வாசல்வரை போய் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். ஒன்பதுக்குத் தண்ணீரை மாற்றி இரண்டு அண்டாவையும் அடுப்பில் ஏற்றினார்கள்.

பதினோரு மணிக்கு முதல் அண்டாவில் ஒன்றை எடுத்து நசுக்கினாள், வெண்ணெயாய் மசிந்தது. இரண்டாவதில் எடுத்தது விரலிலிருந்து வழுக்கி ஓடியது. அரை மணி கழித்தும் அதே கதை.

"ஒரே மூட்டை, ஒரே தீ. இதுக்கு மட்டும் என்ன கேடு?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "இதுல எப்ப அண்ணி தக்காளி போட்டீங்க?"

சமையல்காரியின் முகம் செத்துவிட்டது. டப்பாவில் வருவது வெந்தது, எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போடலாம். அதே நினைப்பில், தான் ஏற்றின இந்த அண்டாவில் மட்டும் கையோடு தக்காளியையும் கொட்டியிருக்கிறாள். புளிப்பு பட்டால் பீன்ஸ் வேகாமல் அடம்பிடிக்கும் என்று தெரிந்தவள்தான்.

அந்நேரம் பார்த்துக் கண்காணிப்பாளர் வந்தார். மணிக்கட்டையே பார்ப்பதால் ஆலை முழுக்க அவருக்கு 'கடிகாரம்' என்றுதான் பெயர்.

"முக்காவாசி வெந்திருக்குல்ல? போட்டுடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"வயித்துக்குத் தெரியும் சார். நான் போட மாட்டேன்."

தக்காளித் தண்ணீரை வடித்தாள், பீன்ஸை அலசினாள், புதுச் சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுத் தீயை ஏற்றினாள். முதல் பந்தியை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி தையல் கூடத்துக்கே போனாள்.

"ரெண்டாவது பந்தி முக்கா மணி நேரம் தள்ளிப் போகும். தப்பு என்னோடது."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாய் நின்றன. பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பொத்தான் தைப்பவள் மட்டும் நிமிர்ந்தாள். "நேத்து நாப்பது சட்டைக்குப் பொத்தானை மாத்தித் தச்சேன். நான் இப்படி வந்தா சொன்னேன்? போக்கா, போய்க் கிண்டு!"

கூடமே சிரித்தது, கடிகாரத்தைத் தவிர.

ஒன்றே முக்காலுக்குச் சற்று முன்புதான் பீன்ஸ் மசிந்தது. பசியில் வந்தவர்கள் அள்ளிச் சாப்பிட்டார்கள். நாலைந்து பேர் பாதியில் வைத்துவிட்டுப் போனதையும் அவள் பார்த்தாள்.

"நாளைக்கு டப்பா வந்துடும்," என்றார் கடிகாரம்.

அவள் அண்டாவின் அடியைச் சுரண்டி எடுத்தாள். நாத்தனாருக்கு ஒரு தட்டு போட்டுக் கொடுத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அப்போதுதான் கால் வலிப்பதே தெரிந்தது.