இறக்கி வைத்ததாகச் சொன்ன துப்பாக்கி

1

என் மச்சான் சிறையில் இருக்கிறான். போலீசிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் அவனை உள்ளே தள்ளியது. இந்தக் கதையும் அதிலிருந்துதான் வந்தது.

முதல் தொடக்கம்: 'துப்பாக்கி எதிர்பாராமல் வெடித்த அந்தக் காலையில்...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். அது தானாக எழுந்து போய் யாரையும் சுடவில்லை.)

இரண்டாவது: 'ஒரு கிடங்கில் இரண்டு காவலாளிகள் இருந்தார்கள்.' இது பரவாயில்லை. இரவுக்கு நான், பகலுக்கு என் தங்கையின் கணவன். துப்பாக்கி ஒன்றுதான். என்னுடையது, உரிமமும் என் பெயரில். வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது. தினமும் கொடுத்தேன்.*

* பேருந்தில் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல். வேறு காரணம் இல்லை.

2

காலை ஆறு மணிக்கு இரண்டு தோட்டாவையும் எடுத்துவிட்டு, வெறும் துப்பாக்கியை மச்சானிடம் நீட்டுவேன். சரக்கு ஏற்ற வரும் லாரி ஓட்டுநர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பார்.

"சுடுய்யா மாப்ளே! என் பொண்டாட்டி பாக்குற பார்வைக்கே நான் சாகல."

மச்சான் குறிபார்த்து விசையை இழுப்பான். டிக்.

"த்தூ! இதுக்கு ஒரு மீசை வேற."

மூவரும் சிரிப்போம். எட்டு மாதம், தினமும்.

(மச்சானைக் கொஞ்சம் முரடனாகக் காட்டலாமா? ஓட்டுநர்மேல் அவனுக்கு உள்ளூர ஒரு... வேண்டாம். அப்படிக் காட்டினால் எனக்கு வசதி.)

3

அன்று தோட்டாக்களை எடுக்க மறந்துவிட்டேன்.

'மறந்துவிட்டேன்' பொய். நினைவிருந்தது. பேருந்து வந்துவிட்டது. "பாத்துக்கடா மச்சான்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கத்தவில்லை. அதை இப்போதுதான் சேர்த்தேன்.

ஓட்டுநர் கைகளைத் தூக்கியபடியே விழுந்தாராம்.

போலீசிடம் சொன்ன வாக்கியம் இது: 'தோட்டாவை இறக்கித்தான் துப்பாக்கியை அலமாரியில் வைத்தேன், தோட்டாவும் அங்கேயே இருந்தது.' மிச்சத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள். மச்சான் எடுத்தான், நிரப்பினான், சுட்டான்.

4

நேற்று தங்கை வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, தோட்டாவ எடுத்தியா, எடுக்கலையா?"

"அதான் எழுதிக் கொடுத்திருக்கேன்ல."

"எழுதுனது கெடக்கட்டும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"டீ குடிக்கிறியா?"

"அந்தாளு கையத் தூக்கிட்டு நின்னாரு, அப்பவும் சுட்டான்னு பாத்தவங்க சொல்றாங்க. ஆயுசு பூரா உள்ளதான்னு வக்கீல் சொல்றாரு. நீ டீ குடிக்கிறியான்னு கேக்குற."

போய்விட்டாள். இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். உண்மையில் அவள் அழவில்லை.

5

முடிவு ஒன்று: நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்கிறேன். மச்சான் என்னைக் கட்டிப்பிடிக்கிறான்.

(நன்றாகவே வந்தது. பிறகுதான் கவனித்தேன், ஓட்டுநரின் மனைவியை அந்த அறையில் நான் வைக்கவே இல்லை.)

முடிவு இரண்டு: வாயைத் திறக்காமல் இருந்து, காலம் முழுக்க உள்ளுக்குள்...

(உள்ளுக்குள் ஒன்றும் ஆகாது. மூன்று மாதமாக நன்றாகத்தான் தூங்குகிறேன்.)

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுப்பார்கள். எதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும் யோக்கியதை எனக்கில்லை. நாளை பத்து மணிக்கு என் சாட்சி. கதையை இங்கேயே நிறுத்துகிறேன். எழுத எழுத நான் நல்லவனாகிக்கொண்டே போகிறேன்.