மருமவ வரட்டும்

வீட்டுக்குள் மழைத் தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது. மாமனார் சூசைமாணிக்கம் கட்டிலைவிட்டு அசையவில்லை. மேல்வீட்டுச் சேசம்மாள் அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சீக்கிரம் ஏத்திக் கொண்டா" என்று கத்தினாள்.

மும்பை மழை தொடங்குமுன், மே மாதமே என் மகள் ரீனா எல்லாம் தயார் செய்திருந்தாள். பரணில் மருந்துப் பை. தாத்தா கழுத்தில் போன் நம்பர் எழுதிய அட்டை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏற்றிப் பழக்கவும் செய்தாள். அப்போதெல்லாம் ஒழுங்காக ஏறிய மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்துப் பிடிவாதம்!

கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"நீ யாரு? என் மருமவ பிலோமி வரட்டும். நான் இல்லன்னா அவ தேடுவா."

ஆறு வருஷமாக இவருக்குச் சோறூட்டுகிற பிலோமி நான்தான். "நான்தான் மாமா!" என்று கத்தினேன்.

"பொய் சொல்லாத."

மழையில் ரயில் ஓடாமல் ரீனா காட்கோபர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனில் அழுதேன். "உன் பையும் அட்டையும் எதுக்குடி ஆகும்?" என்று திட்டினேன்.

"அம்மா, அவர்கூட மல்லுக்கட்டாத. வெளிய போய், வேலை முடிஞ்சு வர்ற மாதிரி கதவத் தட்டிட்டு வா."

தண்ணீர் கட்டில் பலகையைத் தொட்டது. வெளியே போய், கொட்டுகிற மழையில் நின்று கதவைத் தட்டினேன்.

"மாமா, வந்துட்டேன்."

"எம்மா, இவ்வளவு நேரமா!" தானாகவே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏணியில் கால் வைத்தவர் நின்று, வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள ஒரு பொம்பள அழுதுட்டு நின்னா. பாவம், அவளையும் கூட்டிட்டு வா."