எட்டாத பூக்கள்

வெனிலாக் கொடியை அதன் போக்கில் விட்டால் மரத்தின் உச்சிவரை ஏறிக்கொண்டே இருக்கும். ஆள் உயரக் கிளையில் மடக்கித் தொங்கவிட்டால்தான் கைக்கு எட்டும்படி பூக்கும். அதைச் செய்யவேண்டிய ஃபிதென்சியோ, பக்கத்துத் தோட்டத்துக் காசிமிரோ வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று தகராறு செய்துவிட்டு, கோபத்தில் நகரத்துக்குக் கொத்து வேலைக்குப் போய்விட்டான். கொடி ஏறிவிட்டது.

அன்று விடிந்ததும் அவன் மனைவி எர்மெலிந்தா அண்ணாந்து பார்த்தாள். எட்டாத உயரத்தில் இளமஞ்சளாய்ப் பூக்கள் விரிந்திருந்தன. உச்சிவெயிலுக்குள் ஒவ்வொன்றிலும் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் உதிர்ந்துபோகும். ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமலே திரும்பினாள். கடைசியில் காசிமிரோ வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, உங்க ஏணி வேணும்."

சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "உம் புருஷன் என்னைத் திருடன்னான். திருடன் வீட்டு ஏணி உனக்கு எதுக்கு?"

"அதை அவர்கிட்ட கேளுங்க. பூ காத்திருக்காது."

காசிமிரோ ரொட்டியை வைத்துவிட்டு, தானே ஏணியைத் தூக்கிவந்து ஏறினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். முதல் பூவே கிழிந்தது.

"மெதுவாண்ணே. உள்ள மெல்லிசா ஒரு தோல் இருக்கும். நான் குடுத்த முள்ளால அதைத் தூக்கிட்டு, பெருவிரலால அமுக்குங்க."

"பூவா இது, பூட்டா?"

அடுத்ததும் கிழிந்தது.

"இறங்குங்கண்ணே. நான் ஏறுறேன்."

"வயித்தைப் பாத்தியா?"

"ஏழு மாசமா அதைத்தான் பாத்துட்டிருக்கேன். இறங்குங்க."

அவள் ஏறினாள். அவர் ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டு, தெரிந்த புனிதர்களை எல்லாம் முணுமுணுப்பாகக் கூப்பிட்டார். பிள்ளை உதைத்தபோதெல்லாம் கொடியைப் பற்றி நின்று மூச்சு வாங்கினாள். மறுபக்கத்துப் பூக்கள் எட்டவே இல்லை. இறங்கியவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காசிமிரோ சொன்னார்: "ஏணி இங்கயே கிடக்கட்டும். நான் வராம ஏறாத."

பூக்காலம் முடியும்வரை காலைதோறும் வந்தார்.

ஃபிதென்சியோ திரும்பியபோது கொத்துக் கொத்தாய்ப் பச்சைக் காய்கள் தொங்கின.

"யாரு ஏணி இது?"

"நீங்க திருடன்னீங்களே, அவரோடது."

சாப்பிடக்கூட உட்காராமல் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இங்கே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் உரத்த குரல்கள் கேட்டன. பிறகு அவை தோட்டத்தின் கோடிக்கு நகர்ந்து தேய்ந்துபோயின. பொறுக்கமாட்டாமல் நிறைமாத வயிற்றோடு வேலிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்து எல்லையை அளந்துகொண்டு, இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.